பெட்ரோலுக்கு இந்தப் பக்கம், விமானத்துக்கு அந்தப் பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விமான நிறுவனங்கள் பசுமைக்கு மாறுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிளாஸ்டிக் கரண்டிக்குப் பதிலாக மரக்கரண்டி, டிக்கெட் போடும்போது கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் எங்கேயோ ஒரு மரம், விமான நிலையத்தில் சூரியத் தகடு என்று நிறைய எழுதியிருந்தார்கள். எல்லாம் நல்ல விஷயம்தான், எதையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விமானத்தின் டேங்கை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை. நான் ரேம்ப்பில், அதாவது விமானம் வந்து நிற்கிற தளத்தில், எரிபொருள் நிரப்பும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் வளைகுடாவில், அப்புறம் ஊர் திரும்பி இங்கே. விமானத்தைப் பார்த்தால் எனக்கு ஜன்னலும் இறக்கையும் தெரியாது, டேங்க்தான் தெரியும். அதனால் அந்தக் கட்டுரையில் விட்டுப்போனதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்குப் பக்கத்தில். இங்கே நிற்கிற எவருக்கும் ஒரு விஷயம் பாடம் நடத்தாமலே தெரியும்: கேரளப் பதிவெண் வண்டிகள் நம் பக்கத்துப் பெட்ரோல் பம்புகளில் வரிசையில் நிற்கும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது, 2023 ஏப்ரலில் கேரளம் சமூகப் பாதுகாப்புக்கென்று லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதலாகப் போட்டது, அவ்வளவுதான், பாறசாலைக்காரரும் நெய்யாற்றின்கரைக்காரரும் மார்த்தாண்டத்துக்கு ஒரு வேலை என்று கிளம்பினால் டேங்கை நிரப்பிக்கொண்டுதான் திரும்புகிறார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. சல்லிசாகக் கிடைக்கிற இடத்தில் வாங்குவது மனித இயல்பு.

ஆகாயத்தில் இதுவே தலைகீழ். ஏடிஎஃப் என்கிற விமான எரிபொருளுக்குத் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி 29 சதவீதம். கேரளத்தில் 5. ஆந்திரத்தில் 1, தெலங்கானாவிலும் 1. பெட்ரோல், டீசல் போல ஏடிஎஃப்பும் 2017இல் ஜிஎஸ்டிக்கு வெளியே நிறுத்தப்பட்டது, அதனால் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு ஒரு வரி வைத்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் நிற்கிற விமானமும் சென்னையில் நிற்கிற விமானமும் குடிப்பது ஒரே சரக்கைத்தான். சுத்தம் செய்த மண்ணெண்ணெய், வேறொன்றுமில்லை. நம் தூத்தூர், குளச்சல் வள்ளக்காரர்கள் எஞ்சினுக்கு ஊற்றுவதற்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பில்லில் வருகிற தொகை வேறு வேறு.

இப்போது நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வரிக்கு முந்திய விலை லிட்டருக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், விலை மாதாமாதம் மாறும், கணக்குக்காகச் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் 5 சதவீத வரியோடு 84 ரூபாய், சென்னையில் 29 சதவீத வரியோடு 103 ரூபாய் 20 காசு. திருவனந்தபுரத்திலிருந்து சென்னை போகிற ஒரு ஏ320 ரக விமானத்துக்குத் திரும்பி வர சுமார் 3 டன் எரிபொருள் தேவைப்படும், லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 3750. அதைச் சென்னையில் வாங்காமல் திருவனந்தபுரத்திலிருந்தே ஏற்றிக்கொண்டு போனால் 72 ஆயிரம் ரூபாய் மிச்சம். சும்மா மிச்சமாகாது, அந்த 3 டன்னைச் சுமந்துகொண்டு பறப்பதற்கும் எரிபொருள் வேண்டும். சுமக்கிற கூடுதல் எடையில் மணிக்கு 3 சதவீதம், சில நேரம் 4 சதவீதம் வரை சுமப்பதற்கே எரிந்துபோகும் என்பது எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் வைத்திருக்கிற தோராயக் கணக்கு. ஒன்றேகால் மணி நேரப் பறப்புக்கு 120 கிலோ என்று வையுங்கள், அதாவது 150 லிட்டர், அதன் விலை 12,600 ரூபாய். கழித்தாலும் நிறுவனத்தின் கையில் 59 ஆயிரத்துக்கு மேல் நிற்கும், ஒரே ஒரு தடவைக்கு.

ஒரு கிலோ ஏடிஎஃப் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளியே வரும். (ஒரு கிலோ எரிந்து எப்படி மூன்று கிலோ புகை வரும் என்று என் மருமகன் சண்டைக்கு வந்தான். எரிபொருளில் இருக்கிற கரி காற்றிலிருக்கிற ஆக்சிஜனை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது, எடை கூடுவது அதனால்தான்.) ஆக, 120 கிலோவுக்கு ஏறக்குறைய 380 கிலோ. ஒரு பயணிக்கும் அதனால் பிரயோஜனம் இல்லை, ஒரு பெட்டிகூட அதனால் ஊர் போய்ச் சேரவில்லை, ஒரு மாநிலத்தின் வரிப் பட்டியலைச் சுற்றிக்கொண்டு போவதற்காக மட்டுமே எரிந்த எரிபொருள் அது. மரக்கரண்டி கொடுத்து இதை ஈடு செய்ய எத்தனை பயணம் ஆகும் என்று அந்தக் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு டேங்கரிங் என்று பெயர். ரகசியம் ஒன்றும் இல்லை, சட்டவிரோதமும் இல்லை, உலகம் முழுக்க நடக்கிறது. எந்த ஊரில் எவ்வளவு ஏற்றினால் லாபம் என்று நிறுவனத்தின் மென்பொருளே கணக்குப் போட்டு விமானிக்குச் சொல்லிவிடும், அவர் சொல்லுகிற எண்ணை நாங்கள் பவுசர் என்கிற எரிபொருள் லாரியிலிருந்து ஏற்றுவோம், சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த விமானத்துக்குப் போவோம். இறங்கும்போது இவ்வளவு எடைக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு, அதை யாரும் மீற மாட்டார்கள். மழைக்காலத்தில் வழியில் மேகம் கூடியிருந்தாலோ, இறங்குகிற ஊரில் நெரிசல் இருந்தாலோ விமானி கூடுதலாகக் கேட்பார், அது பாதுகாப்புக்கு, அதைப் பற்றி எவனும் வாயைத் திறக்கக் கூடாது. நான் பேசுவது வானம் தெளிந்திருக்கிற நாளில் விலைக்காக மட்டும் ஏறுகிற எண்ணெயைப் பற்றி. அந்தக் கூடுதல் எடைக்கு டயரும் பிரேக்கும் தேய்வது தனிக் கதை.

ஐரோப்பாவில் இதை உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள். அங்கே வான்போக்குவரத்தை ஒருங்கிணைக்கிற யூரோகன்ட்ரோல் அமைப்பு 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. விமானங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று ஏதோ ஒரு அளவில் இப்படிச் சுமந்துகொண்டு பறக்கலாம், அதனால் ஆண்டுக்கு 9 லட்சம் டன் கரியமில வாயு வீணாக வெளியேறும், நிறுவனங்களுக்கு மிச்சமாவது 26 கோடி யூரோ சொச்சம் என்று அதில் சொன்னார்கள். அப்புறம் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டமே போட்டுவிட்டது. 2025 முதல், ஒன்றியத்தின் பெரிய விமான நிலையங்களிலிருந்து கிளம்புகிற நிறுவனம் அந்தந்த நிலையத்திலிருந்து பறக்கத் தேவைப்படும் வருட எரிபொருளில் குறைந்தது 90 சதவீதத்தை அங்கேயே வாங்கியாக வேண்டும். மிச்சம் 10 சதவீதம் நெளிவு சுளிவுக்கு. பாதுகாப்புக் காரணம் என்றால் விலக்கு. நல்ல சட்டம், படித்துப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பிரச்சினையைப் பற்றி எழுதினது மாதிரியே இருக்கிறது.

இதை நான் இவ்வளவு இழுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லாபம் வேண்டுமா, சுற்றுச்சூழல் வேண்டுமா என்று பட்டிமன்றத் தலைப்பு மாதிரி ஆளாளுக்குப் பேசுகிறார்கள். விமானத் தொழிலில் பெரும்பாலும் அந்தக் கேள்வியே எழாது. நம் நாட்டு விமான நிறுவனத்துக்குச் செலவில் 30 முதல் 40 சதவீதம் எரிபொருளுக்கே போகிறது. அப்படியிருக்க ஒரு கிலோ மிச்சம் பிடிக்க அவர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று ரேம்ப்பில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும். தரையிறங்கியதும் ஓர் எஞ்சினை அணைத்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டே நிறுத்துமிடத்துக்கு வருவார்கள். எஞ்சினை அவ்வப்போது தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள், உள்ளே படிகிற அழுக்கு போனால் எரிபொருள் குறையும். இறக்கை நுனி மேல்நோக்கி மடங்கியிருக்கிறதே, அழகுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், 4 சதவீதம் வரை மிச்சமாகும் என்பது ஏர்பஸ் சொல்கிற கணக்கு. 2013 வாக்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் 16 கிலோ காகிதப் பையை எடுத்துவிட்டு டேப்லெட் கொடுத்தது. அதே நிறுவனத்தில் 1980களில் சாலட்டில் ஓர் ஆலிவ் காயைக் குறைத்தே வருடத்துக்கு 40 ஆயிரம் டாலர் மிச்சப்படுத்தினார்கள் என்று சொல்வார்கள். இதற்கெல்லாம் சுற்றுச்சூழல் விருது வேண்டியதில்லை, நம் அறிவுரையும் வேண்டியதில்லை. நியோ என்கிற புது எஞ்சின் வைத்த ரக விமானங்கள் பழைய ரகத்தைவிட ஓர் இருக்கைக்கு 15 சதவீதம் குறைவாகக் குடிக்கின்றன என்பதால்தான் நம் ஊர் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் ஆர்டர் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. பணமும் புகையும் ஒரே திசையில் போகிற வரைக்கும் அவர்கள் பாட்டுக்குச் செய்துவிட்டுப் போவார்கள். திசை பிரிகிற இடத்தில்தான் அரசுக்கு வேலை. அந்த இடங்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான், அதிலும் முதல் இடம் மாநில வரி என்பது என் கருத்து.

இன்னொரு இடம் ஏபியு. விமானத்தின் வால் பகுதியில் ஒரு குட்டி எஞ்சின் இருக்கும், தரையில் நிற்கும்போது விளக்குக்கும் ஏசிக்கும் அதுதான். மணிக்கு 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் குடிக்கும், சத்தம் வேறு, பக்கத்தில் வேலை பார்த்தவர்கள் பாதிப் பேருக்குக் காது சரியாகக் கேட்காது. தரையிலிருந்தே மின்சாரமும் குளிர்காற்றும் கொடுத்தால் அதை அணைத்துவிடலாம். ஆனால் அதற்கு விமான நிலையம் கட்டணம் வாங்கும், கருவி சில நேரம் பழுதாக இருக்கும், சில நேரம் ஆள் வர நேரமாகும், பயணிகள் வேர்த்துக் கொட்டி சத்தம் போடுவார்கள், விமானி பொத்தானைத் தட்டிவிடுவார். சித்திரை மாதத்து வெயிலில் அவரைத் தப்பு சொல்லவும் முடியாது.

கொச்சி விமான நிலையத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் பெருமையாக எழுதியிருந்தீர்கள். நியாயமான பெருமைதான். 2015 ஆகஸ்ட் 18ஆம் தேதி 12 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைத் தொடங்கி, முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடுகிற உலகின் முதல் விமான நிலையம் என்று பெயர் வாங்கினார்கள், 2018இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. தகடுகளுக்கு அடியில் காய்கறி போட்டு அறுவடை செய்கிறார்கள், அதை நேரில் பார்த்தால் நமக்கே தோட்டம் போடத் தோன்றும். ஆனால் அந்தச் சூரிய வெளிச்சத்தில் விமானம் பறக்கவில்லை. வான்போக்குவரத்துப் புகையில் கட்டடத்தின் பங்கு சிறியது, கிளம்பிப் போகிற விமானத்தின் பங்குதான் பெரியது. அந்தச் சூரிய மின்சாரத்தை நிறுத்துமிடத்திலேயே விமானத்துக்கு இலவசமாகவோ அடக்க விலைக்கோ கொடுத்து, ஏபியுவை அணைத்தே ஆக வேண்டும் என்று விதி போட்டால் அந்தத் தகட்டின் பலன் விமானத்துக்குள்ளும் போகும். திருவனந்தபுரம், கோவை, மதுரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மாற்று எரிபொருளுக்கு வருவோம். சாஃப் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இந்தியாவில் 2018 ஆகஸ்ட் 27ஆம் தேதி டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட்டின் ஒரு சிறிய விமானம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலந்து பறந்தது. டேராடூனில் இருக்கிற இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் என்கிற ஆய்வு நிலையம் தயாரித்தது. நம் ஊரில் வேலியோரத்தில் சீந்துவார் இல்லாமல் நிற்கிற அதே காட்டாமணக்குதான். அப்போது எல்லோரும் கைதட்டினோம், அடுத்து காட்டாமணக்குத் தோப்பு தோப்பாக வரும் என்றார்கள், வரவில்லை. நிலமும் தண்ணீரும் எங்கே இருக்கிறது? இப்போது ஒன்றிய அரசு வைத்திருக்கிற இலக்கு, பன்னாட்டு விமானங்களில் 2027இல் 1 சதவீதம், 2028இல் 2, 2030இல் 5 சதவீதக் கலப்பு. விலை சாதாரண ஏடிஎஃப்பைவிட இரண்டு மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை. மூன்று மடங்கு என்று வைத்தால்கூட 1 சதவீதக் கலப்புக்கு மொத்த எரிபொருள் விலை 2 சதவீதம்தான் ஏறும், 5 சதவீதக் கலப்புக்கு 10 சதவீதம். முதலாவது தாங்கும். இரண்டாவது டிக்கெட்டில் தெரியும்.

இங்கேயும் அந்தப் பழைய சங்கதியே தலைகாட்டும், அதைத்தான் யாரும் பேசவில்லை. கலப்பு எரிபொருள் இங்கே விலை ஏறி, வளைகுடாவில் ஏறாமல் இருந்தால், துபாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ வருகிற விமானம் திரும்பிப் போவதற்கும் சேர்த்து அங்கேயே நிரப்பிக்கொண்டு வர நினைக்கும். நாலு மணி நேரம் சுமந்துகொண்டு வரும், போகும் எண்ணெயில் சாஃப் ஒரு சொட்டும் இருக்காது. ஐரோப்பாவின் 90 சதவீத விதி இதை நினைத்துப் போட்டதுதான். நாம் 2027க்கு முன்பே அப்படி ஒன்று போடாவிட்டால் கலப்பு இலக்கு காகிதத்தில் நிற்கும், புகை கூடுதலாகப் போகும்.

சாஃப் செய்யப் பழைய சமையல் எண்ணெய் நல்ல மூலப்பொருள், உலகத்தில் இன்றைக்குப் பெரும்பகுதி அதிலிருந்தும் விலங்குக் கொழுப்பிலிருந்தும்தான் வருகிறது. நாகர்கோவிலிலிருந்து எல்லை வரைக்கும் ரோட்டோரத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் போடுகிற கடைகள் எத்தனை, பரோட்டாக் கடைகள் எத்தனை, பொரித்த கோழிக் கடைகள் எத்தனை! உணவுப் பாதுகாப்பு ஆணையம், எண்ணெயில் கெட்டுப்போன போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்கு வைக்கக் கூடாது என்று 2018இலேயே விதி கொண்டுவந்தது, பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் செய்ய ரூகோ என்று ஒரு திட்டமும் வைத்தது. நடைமுறையில் பெரிய ஹோட்டலின் பழைய எண்ணெய் சின்னக் கடைக்கு இறங்குகிறது, சின்னக் கடையின் கருப்பு எண்ணெய் அதைவிடச் சின்னத் தள்ளுவண்டிக்கு இறங்குகிறது, கடைசியில் நம் வயிற்றுக்கு. கூடுதல் விலை கொடுத்து ஒருவர் வாசலில் வந்து வாங்கிக்கொண்டால் எந்தக் கடைக்காரரும் கொடுத்துவிடுவார். விமானம் பசுமையாகிறதோ இல்லையோ, நமக்கு நெஞ்செரிச்சலாவது குறையும். ஆனால் நாட்டில் இருக்கிற அத்தனை பழைய எண்ணெயையும் வழித்துப் போட்டாலும் விமானங்களின் தேவையில் ஒரு சிறு பங்குதான் தேறும், இதை மட்டும் மறைத்துவிட்டுப் பேசக் கூடாது.

புகைக்கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயரத்தில் பறக்கிற விமானத்துக்குப் பின்னால் வெள்ளைக் கோடு நீளுமே, அது எஞ்சினிலிருந்து வருகிற நீராவி பனித்துகளாக உறைவது. சில உயரங்களில் காற்று ஈரமும் குளிருமாக இருந்தால் அது கலையாமல் பரவி மேகமாக நின்று பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். 2023இல் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 70 பறப்புகளில் அப்படிப்பட்ட இடங்களை ஒதுக்கிப் பறந்து பார்த்தபோது இந்தக் கோடுகள் பாதிக்கு மேல் குறைந்தன. அப்படி விலகிப் பறந்த விமானங்களுக்கு எரிபொருள் 2 சதவீதம் கூடுதலாக ஆனது. இதுவும் பணமும் பசுமையும் பிரிகிற இடம்தான், ஆனால் நம் வான்கட்டுப்பாட்டு அறைகள் இருக்கிற நெரிசலில் இதை நாளைக்கே கேட்பது நியாயமில்லை. பின்னால் பார்க்கலாம்.

சரி, வரிக்குத் திரும்புகிறேன். 2021இல் அன்றைய விமானப் போக்குவரத்து அமைச்சர் சிந்தியா, வரி அதிகம் வாங்குகிற மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி 4 சதவீதத்துக்குள் கொண்டுவரச் சொன்னார். ஜம்மு காஷ்மீரில் 26.5 சதவீதத்தை 1 சதவீதமாக்கியதும் அங்கே எரிபொருள் நிரப்புவது பல மடங்கு கூடியதை அவர் உதாரணமாகச் சொல்வார். சில மாநிலங்கள் குறைத்தன, தமிழ்நாடு அசையவில்லை. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலில் ஏடிஎஃப்பை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவருவதைப் பேசினார்கள், மாநிலங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மாநிலங்களின் பயமும் புரிகிறது. ஜிஎஸ்டி வந்த பிறகு அவர்கள் கையில் சொந்தமாக மிச்சமிருக்கிற பெரிய விற்பனை வரி பெட்ரோலியமும் மதுவும்தான், அதையும் கொடுத்துவிட்டு டெல்லியில் போய் கையேந்தி நிற்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? நானே முதலமைச்சராக இருந்தாலும் கொடுக்க மாட்டேன்.

அதனால் நான் ஜிஎஸ்டி வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. தென் மாநிலங்கள் ஐந்தும் உட்கார்ந்து ஒரே விகிதத்துக்கு வரட்டும். குறைந்த விகிதம் என்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள், ஒரே விகிதம். எல்லா மாநிலமும் ஒன்றுக்கொன்று போட்டி போட்டு 1 சதவீதத்துக்கு இறங்கினால் விமான நிறுவனத்துக்குக் கொண்டாட்டம், டிக்கெட் குறையும், ரயிலில் போகிறவரும் விமானத்துக்கு ஏறுவார், சுமந்து எரித்ததில் மிச்சமான புகை அந்த வழியில் திரும்பி வந்துவிடும். 10 என்று வைத்தாலும் சரி, 15 என்று வைத்தாலும் சரி, பக்கத்து மாநிலத்துக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை என்றால் 3 டன்னைச் சுமந்துகொண்டு போக எந்த மென்பொருளும் சொல்லாது. தமிழ்நாடு இறங்கும், கேரளமும் ஆந்திரமும் தெலங்கானாவும் ஏறும். தமிழ்நாட்டுக்கு விகிதத்தில் போவதில் ஒரு பங்கு, இங்கே நிரப்புகிற அளவு கூடுவதில் திரும்பி வரும். கேரளத்துக்கும் ஆந்திரத்துக்கும் கூடுதலாகக் கிடைக்கிற பணத்தில் தரை மின்சார இணைப்பும் பழைய எண்ணெய் சேகரிப்பும் செய்யலாம்.

கேரளத்துக்காரர்கள் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள், சல்லிசாக இருப்பதால்தான் எங்கள் ஊருக்கு விமானம் வருகிறது என்பார்கள். அப்படியா? திருவனந்தபுரத்துக்கும் கோழிக்கோட்டுக்கும் விமானம் வருவது வளைகுடாவில் நம் ஆட்கள் வேலை பார்ப்பதால். அந்தப் பன்னாட்டு விமானங்களுக்கு நிரப்புகிற எரிபொருளுக்கு இந்த மாநில வரியே கிடையாது. ஆட்கள் இருக்கிற வரைக்கும் விமானம் வரும்.

வளைகுடா என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. டிக்கெட் போடும்போது உங்கள் பயணத்தின் புகைக்கு ஈடுகட்ட விருப்பமா என்று ஒரு கட்டம் வருகிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிற கொத்தனாரும் பிளம்பரும் அதை டிக் செய்ய வேண்டுமாம். அவருக்கு வேறு வழி உண்டா, கடலில் ரயில் ஓடுகிறதா? அவர் உட்கார்ந்திருப்பது முழங்கால் இடிக்கிற இருக்கையில், அதனால் அவர் பங்குப் புகை குறைவு. முன்னால் திரை போட்டுக் கால் நீட்டிப் படுத்திருக்கிறவர் பிடிக்கிற இடத்துக்கு அவர் பங்கு இரண்டு மூன்று மடங்கு. ஈடுகட்டுகிற கட்டத்தை முதலில் அவருக்குக் காட்டட்டும், விருப்பம் என்று கேட்காமல் கட்டாயமாகவே வைக்கட்டும். (நம்மவர்கள் கட்டிக்கொண்டு வருகிற கம்பளியும் பால்பவுடர் டின்னும் எடைதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுகிறார்களே.)

உள்நாட்டில் கதை வேறு. 2024 ஆகஸ்ட் 31 முதல் நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் வந்தே பாரத் ஓடுகிறது. பகலில் ஒன்பது மணி நேரத்துக்குக் குறைவு. ஆனாலும் டிக்கெட் கிடைக்காதவர்கள், அவசரமாகப் போகிறவர்கள் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுகிறார்கள். திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி இரட்டைப் பாதை வேலையைச் சீக்கிரம் முடித்து இரவில் இன்னும் இரண்டு ரயில் விட்டால் ஒரு விமானத்தின் கூட்டம் தானாகக் குறையும். பிரான்சில் இரண்டரை மணி நேரத்தில் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்கு விமானம் கூடாது என்று 2023இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள், கடைசியில் அதில் சிக்கியது பாரிஸிலிருந்து கிளம்புகிற மூன்றே மூன்று தடங்கள். தடை போடுவதைவிட ரயில் விடுவது சுலபம் என்று எனக்குப் படுகிறது.

தூத்துக்குடியை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அங்கே பல வருடமாகக் காற்றாடி வைத்த ஏடிஆர் விமானம்தான் வந்து போனது, ஓடுபாதை சின்னது என்பதால். 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள், ஓடுபாதையையும் நீட்டியாயிற்று. பெரிய விமானம் வரட்டும், ஏற்றுமதிச் சரக்குக்கு அது வேண்டும். ஆனால் காற்றாடி விமானத்தில் ஏறுவது கௌரவக் குறைச்சல் என்று நம்மவர்கள் நினைக்கிறார்களே, அது சரியில்லை. அதே அளவு ஜெட்டைவிட அது 45 சதவீதம் வரை குறைவாகக் குடிக்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு, தயாரிப்பாளர் சொல்வதில் பாதியைத் தள்ளினாலும் குறைவுதான். சென்னைக்கு அரை மணி நேரம் கூடுதலாகப் பிடித்தால் குடி முழுகிவிடாது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஏடிஎஃப் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதம் 1ஆம் தேதி மாற்றுகின்றன. சென்னை, திருவனந்தபுரம், கொச்சி, திருப்பதி, ஹைதராபாத் என்று ஐந்து ஊர்களின் விலையை மாநில வரியோடு சேர்த்து வணிகப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டமாகப் போடுங்கள். அடுத்த பட்ஜெட்டுக்கு முன் தமிழ்நாட்டு நிதித் துறைக்கும் கேரள நிதித் துறைக்கும் அந்தக் கட்டத்தை வைத்து உங்கள் நிருபர்கள் ஒரே கேள்வியைக் கேட்டு, இரண்டு பதிலையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பேப்பர் வாங்கிப் படிப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேம்ப் ஊழியர்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்